ஈரக்காற்றில் இந்துப்பு, பைரைற்று, மயில்துத்தப் படிகங்களைப் பாதுகாப்பது எவ்வாறு?

கேள்வி (கல்லடி):
வணக்கம். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான இடத்தில் வசிக்கிறேன். என் சேகரிப்பில் இந்துப்புப் படிகமும் பைரைற்றும் (இரும்புச் சல்பைட்டுக் கனிமம்) மயில்துத்தமும் (நீலச் செப்புச் சல்பேற்று) ஒரே கண்ணாடி அலுமாரியில் உள்ளன. மாரி மழை தொடங்கியதும் இந்துப்பின் விளிம்புகள் கசிந்து மழுங்குகின்றன. பைரைற்றின் அடியில் வெண்மஞ்சள் தூள் உதிர்கிறது. அலுமாரிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, கற்களுக்கு வார்னிஷ் பூசினால் போதுமா?

மறுமொழி (களுவாஞ்சிகுடி):
போதாது, மூன்றையும் ஒருசேர உலர்த்தினால் மயில்துத்தம் கெட்டுவிடும். அதன் படிகத்தில் ஒவ்வொரு செப்புச் சல்பேற்றுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் பிணைந்துள்ளன. காற்று மிக வறண்டால் அந்நீர் வெளியேறி, நீலம் வெளிறி, மேற்பரப்பு மாவாகும். இந்துப்போ, சாரீரப்பதன் (காற்றின் ஒப்பு ஈரப்பதம்) ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றின் நீரை இழுத்துக் கரையும். இந்துப்பை, ரப்பர் வளைய மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். மயில்துத்தத்தை வேறொரு போத்தலில் இட்டு, கரையாத உப்பு அடியில் தங்குமளவு செறிந்த கறியுப்புக் கரைசலைச் சிறு குப்பியில் திறந்தபடி அருகே நிறுத்தினால், உள்ளே சாரீரப்பதன் அதே 75 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். இந்துப்பை அந்தப் போத்தலுக்குள் வைத்துவிடாதீர்கள்.

மறுமொழி (அக்கரைப்பற்று):
ஐயா, உங்கள் அலுமாரியில் உடனடியாகக் கவனிக்க வேண்டியது பைரைற்றே. இரும்புச் சல்பைட்டு ஒட்சிசனோடும் நீராவியோடும் தாக்கமுறுவதால் இரும்புச் சல்பேற்றுகளும் சல்பூரிக்கமிலமும் உண்டாகின்றன. அந்த அமிலம் பெயர்ச்சீட்டையும் அட்டைப்பெட்டியையும் அரித்து, பக்கத்தில் கல்சைற்று (சுண்ணாம்புக் கனிமம்) இருந்தால் அதையும் தாக்கும். சாரீரப்பதன் 60 சதவீதத்துக்கு மேற்பட்டால் சிதைவு விரைவடையும். தூளை நீரால் கழுவாமல், கையுறை அணிந்து மென்தூரிகையால் அகற்றிவிட்டு, கல்லைத் தனிப்பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் மூடிவையுங்கள். வார்னிஷ் எனக்கு உடன்பாடில்லை: நீராவி அதனூடாக மெல்ல நுழைந்துவிடும், அமிலமோ உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உங்களிடம் மார்க்கசைற்றும் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பைரைற்றுக்கும் அதற்கும் வேதிச் சூத்திரம் ஒன்றேயானாலும் அது பெரும்பாலும் இன்னும் விரைவாகச் சிதையும்.

மறுமொழி (ஏறாவூர்):
மேலே சொன்னவற்றுடன் ஒன்று: ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிறிய ஈரப்பதமானி இல்லாவிட்டால் எல்லாம் ஊகமே. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் அவணில் சுமார் 120 பாகை செல்சியசில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். நீலநிற வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ற்று குளோரைட்டு இருப்பதால் செம்மஞ்சள் வகையையே வாங்குங்கள். இந்துப்பையும் பைரைற்றையும் பெட்டியில் அடைக்கும் வேலையைக் கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களிலேயே முடித்துவிடுவது நல்லது.