ஆவணியில் சாயங்காலம், ஐப்பசியில் விடியற்காலை: இடிமழைக்கு ஏன் இந்த நேரக் கணக்கு?

மன்னார்குடிக்காரன்:
குறுவை அறுத்து நெல்லைக் களத்தில் காயப்போட்டால் பகலெல்லாம் வெயில் கொளுத்துகிறது, சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டுகிறது, படுதாவை இழுத்து மூடுவதற்குள் பாதி நனைந்துவிடுகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வேதாரண்யத்து அக்கா வீட்டில் விடியற்காலையில்தான் வெளுத்து வாங்குமாம், பத்து மணிக்கெல்லாம் வெயிலாம். ஒரே டெல்டாதானே?

மழைப்பைத்தியம்:
அண்ணே, அந்தச் சாயங்கால மேகம் பெரும்பாலும் உங்கள் ஊரில் பிறந்ததே இல்லை. தரை நன்றாகச் சூடேற மதியம் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும், அப்போது திருச்சி, புதுக்கோட்டை பக்கம் சூடான காற்று மேலெழும்பி, உள்ளே வரும் கடல்காற்றின் ஈரமும் சேர்ந்து இடிமேகமாகிறது. ஆவணியில் மேலே மேற்கிலிருந்து வீசும் காற்றுதானே, அது மேகத்தைக் கிழக்கே தள்ளுகிறது. உங்களுக்குச் சாயங்காலம், நாகப்பட்டினத்துக்கு இன்னும் தாமதம். மதியம் காரைக்கால் ரேடார் படத்தில் மேற்கே சிவப்பு தெரிந்தால் நெல்லை அள்ளிவிடுங்கள்.

உப்பளத்தான்:
அக்கா ஊர்க் கதை வேறு. ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அப்படியே வெதுவெதுப்பாக இருக்கும். கரையிலிருந்து கடலுக்குப் போகும் நிலக்காற்று எதிரே வரும் வாடைக்காற்றோடு கரையோரம் முட்டுகிறது, அங்கேதான் மேகம் எழும்புகிறது. ராத்திரியில் மேகத்தின் உச்சியும் குளிர்வதால் இன்னும் வேகமாக வளரும். அதை வாடை கரைக்குத் தள்ளும்போது விடிந்திருக்கும். புயல், தாழ்வு நிலை என்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அடைமழைக்கு ஏது நேரம்?

சிங்கப்பூர் திருவாரூரான்:
இங்கேயும் அப்படித்தான். மதியம் சூட்டில் வரும் இடிமழை ஒன்று. அது போக, தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ராத்திரி சுமத்ரா, மலாக்கா நீரிணை பக்கம் உருவாகி, வரிசைகட்டி வந்து விடியலில் பலத்த காற்றோடு அடிப்பதற்குச் 'சுமத்ரா' என்றே பெயர். வெனிசுவேலாவின் மரகைபோ ஏரியில் இடிமின்னல் பெரும்பாலும் ராத்திரியில்தான். மூன்று பக்கமும் மலை, நடுவே சூடான நீர்.

மன்னார்குடிக்காரன்:
சரி, மேற்கே அவ்வளவு மின்னியும் சில நாள் ஒரு சொட்டுகூட விழுவதில்லையே?

மழைப்பைத்தியம்:
ஒரு தனி மேகத்தின் ஆயுசு ஒரு மணி நேரம் இருந்தாலே பெரிது. அது பெய்யும்போது கீழே பரவும் குளிர்காற்று முன்னால் இருக்கும் ஈரக்காற்றைத் தூக்கிவிட்டால் அடுத்த மேகம் பிறக்கும், இப்படிக் கைமாறித்தான் உங்கள் ஊர்வரை வருகிறது. நடுவில் காற்று வறண்டிருந்தால் தஞ்சாவூரோடு சரி, உங்களுக்கு மின்னல் மட்டும்தான்.