குறுந்தொகை 8: உவமையா, உள்ளுறையா?

திண்டுக்கல் வாசகி:
அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். இந்தப் பாட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

நோட்ஸில் ‘உள்ளுறை உவமம்’ (மறைமுகமான உவமை) என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் ‘ஆடிப் பாவை போல’ என்று அப்பட்டமாக உவம உருபு நிற்கிறதே! போதாததற்கு இறைச்சி என்று இன்னொரு குறிப்புப் பொருள். பெயரெல்லாம் மனப்பாடம், பாட்டைக் கையில் கொடுத்தால் எது எது என்று தெரியவில்லை.

வண்டல்மண்:
நோட்ஸ் சொல்வதும் சரி, நீங்கள் கேட்பதும் சரி. ஆறே வரியில் இரண்டும் இருக்கின்றன. வகுப்பெடுத்த காலத்தில் உவமப் பாடத்தை இந்தப் பாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

‘போல’ இருக்கிறதா என்று தேடுவதற்கு முன்னால், யார் பேசுகிறாள் என்று பாருங்கள் அம்மா. பேசுபவள் பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு உறவு வைத்திருக்கும் இன்னொரு பெண். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள். ‘அவன் எங்கள் வீட்டில் பேசுவது பெரிய பேச்சு, தன் வீட்டுக்குப் போனால் பிள்ளையைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்வான், நாம் கை தூக்கினால் கை தூக்கும் கண்ணாடிப் பொம்மை போல.’ இது ஏனை உவமம், வெளிப்படையாகச் சொல்லும் உவமை. குத்தல் போய்ச் சேர வேண்டும், அதனால் திறந்தே சொல்கிறாள்.

முதல் இரண்டு வரிக்கு வாருங்கள். வயலோரத்து மாமரம். பழம் கனிந்து தானாக உதிர்கிறது. குளத்து வாளை ‘லபக்’கென்று கவ்வுகிறது. துள்ளவில்லை, மரமேறவில்லை, இருந்த இடத்தில் வாயைத் திறந்தது, அவ்வளவுதான். பார்வைக்கு அவன் ஊர் வர்ணனை. உள்ளே இருப்பதோ, ‘நான் அவனை மயக்கவில்லை, அவனாக வந்தான்.’ இதுதான் உள்ளுறை. இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சாக்குப்போக்கு மாதிரி ஆகியிருக்கும். ஊரன் என்ற சொல்லுக்கு அடைமொழியாக வைத்துவிட்டாள். யாரும் மறுத்துப் பேச முடியாது. கெட்டிக்காரி!

‘உள்ளுறுத்து இதனொடு ஒத்துப்பொருள் முடிக’ என்கிறது தொல்காப்பியம்; சொல்லும் காட்சியோடு உள்ளே வைத்த பொருள் ஒத்து முடிய வேண்டும். தெய்வத்தை விட்டுவிட்டு, அந்த நிலத்தின் கருப்பொருளிலிருந்துதான் (அங்குள்ள மரம், விலங்கு, பறவை போன்றவை) உள்ளுறை பிறக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. மருதத்தில் வாளை, குறிஞ்சியில் குரங்கு. ஆடிப்பாவைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அரைகுறை:
பழம் தலைவன், வாளை பரத்தை, சரி. அப்போ மாமரம் யார்? தலைவியா?

வண்டல்மண்:
அப்படிக் கொள்பவர்களும் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. தலைவன் தலைவியிடம் காய்த்தவனா என்ன? உதிர்ந்ததும் கவ்வியதும் பொருந்தினால் போதும். கிளை, இலை, காம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடினால் பாட்டு விடுகதை ஆகிவிடும்.

திண்டுக்கல் வாசகி:
இப்போது பிடிபடுகிறது ஐயா. இறைச்சியையும் ஒரு பாட்டு வைத்தே சொல்லிவிடுங்களேன்?

வண்டல்மண்:
அதே குறுந்தொகையில் 37, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள் தேடப் போனவனை நினைத்துத் தலைவி வாடுகிறாள். தோழி சொல்கிறாள்: ‘பிடிபசி களைஇய பெருங்கை வேழம் மென்சினை யாஅம் பொளிக்கும்’. அவர் போன வழியில், பெண் யானையின் பசி தீர ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்குமாம்.

இங்கே வேழம்தான் தலைவன் என்று நேராக ஒட்டிவிட முடியாது. இவன் இன்னும் எதையும் கொண்டுவந்து தரவில்லையே! அந்தக் காட்சி அவன் கண்ணில் படும், படும்போது உன் நினைப்பு வரும், திரும்பி வருவான். அந்த ஆறுதல் யானைக்கும் மரத்துக்கும் வெளியே நிற்கிறது. இறைச்சி பொருளுக்குப் புறத்தே நிற்கும் என்று தொல்காப்பியம் சொல்லும் ‘இறைச்சி தானே உரிப்புறத் ததுவே’ என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஒன்று மட்டும். சில பாட்டுகளில் ஒருவர் உள்ளுறை என்பதை இன்னொருவர் இறைச்சி என்பார். தேர்வில் அப்படி வந்தால் பெயரை எழுதிவிட்டு, எது எதற்குப் பொருந்துகிறது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.

அரைகுறை:
மாமரத்தை நான் இன்னும் விடுவதாக இல்லை. 😀