மரப் பிள்ளையாருக்கு விரிசல், கூடவே பூச்சி: யாராவது வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் வாகை மரத்தில் கையால் செதுக்கிய இரண்டடி உயரப் பிள்ளையார் இருக்கிறார். ஒரே கட்டையில் செய்தது. இந்தக் கோடையில் நெஞ்சிலிருந்து தொப்பை வரை நேராக ஒரு விரிசல் விட்டுவிட்டது. நகம் நுழைகிற அகலம். மரம் சரியாகக் காயாமல் செதுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சரி, அதுகூடப் பரவாயில்லை. நேற்று துடைக்கும்போது பீடத்துக்கு அடியில் சலித்த மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தது. திருப்பிப் பார்த்தால், வெளுத்த வெள்ளைமரப் பக்கத்தில் (வைரம் பாயாத வெளிப்பகுதி) மட்டும் குண்டூசி முனை அளவில் ஏழெட்டு ஓட்டை. வைரம் பாய்ந்த பகுதியில் ஒன்றுகூட இல்லை.

வார்னிஷ் அடித்தால் போதும் என்கிறார் ஒருவர். உள்ளே புழு இருக்கும்போது மேலே பூசி என்ன பயன்? ஓட்டைகளில் சிரிஞ்சால் மருந்து செலுத்தியவர்கள் இருந்தால் எந்த மருந்து என்று சொல்லுங்கள். விளக்கேற்றும் இடம், அதனால் மண்ணெண்ணெய் வேண்டாம்.

அப்புறம், விரிசலை இப்போதே அடைக்கலாமா, மழைக்காலம் வரை பொறுக்கலாமா? மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்பிகள் பழைய சிலைகளைப் பழுது பார்த்துத் தருவார்களா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.