ரோடு பைக் (சாலை சைக்கிள்) மாற்றணும்: மட்கார்டோடு 32 மி.மீ. டயர் ஏறும் பிரேம் எது?

வணக்கம் நண்பர்களே. பழைய அலுமினியம் பிரேமில் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் விரிசல். வெல்டு வைத்தால் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் வலுவிழந்துவிடும். அதனால் புதிதுதான் வாங்க வேண்டும்.

தினமும் வேளச்சேரி–சிறுசேரி, ஞாயிறு காலை ஈசிஆர் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம். உயரம் 172 செ.மீ., பட்ஜெட் 80,000 ரூபாய்.

மட்கார்டு, கேரியர் மாட்டத் திருகுத்துளைகள் கட்டாயம். 32 மி.மீ. மட்டுமே கொள்ளும் பிரேமில் மட்கார்டு போட்டால் டயர் உரசும். 35 மி.மீ. டயருக்கு இடம் இருந்தால் நல்லது. மழையில் ரிம் பிரேக்கில் மணல் சிக்கி ரிம்மையே தேய்க்கிறது, ஆகவே டிஸ்க் பிரேக். பாட்டம் பிராக்கெட் மரை போட்டதாக இருக்கட்டும், மரையில்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரஸ்-ஃபிட் சீக்கிரம் கிறீச்சிடும்.

சமதளச் சாலைக்கு ஷிமானோ சோரா 9 ஸ்பீடு கியர் செட்டே தாராளம். இந்த விலையில் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் கிடைக்குமா, கேபிள் இழுக்கும் டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளலாமா? உப்புக்காற்றில் கேபிள் எத்தனை மாதம் தாங்குகிறது? ஓட்டுபவர்கள் மாடல், டயர் இடைவெளியோடு சொல்லுங்கள்.