கேரட் கூழாகுது, டியூபில் என்சைமைக் காணோம்... உதவுங்க

குகைவாசி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். சூரமங்கலம் உழவர் சந்தையில் வாங்கின அழுகல் முட்டைக்கோஸிலிருந்து பிரிச்ச பாக்டீரியா, பெக்டோபாக்டீரியம்னு மேடம் சொல்றாங்க. கேரட் துண்டில் ஒரு சொட்டு விட்டா மறுநாளே விரல் உள்ளே போகுது, நாத்தம் வேற. ஆனா பெக்டினை (காய்கறி செல்களை ஒட்டிவைக்கிற பசை) வெட்டுற என்சைம் இருக்கான்னு சூப்பர்நேட்டன்ட் (பாக்டீரியாவை நீக்கின மேல்திரவம்) எடுத்து டிஎன்எஸ் (வெட்டுப்பட்ட சர்க்கரை இருந்தா நிறம் மாறுற டெஸ்ட்) போட்டா பிளாங்க்குக்கும் (என்சைம் இல்லாதது) சாம்பிளுக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. மூணு தடவை ஆச்சு. சிட்ரேட் பஃபர், பிஎச் 5, ஆப்பிள் பெக்டின்.

ஏற்காட்டுப்பனி:
இந்த முறை எங்கிருந்து எடுத்தீங்க?

குகைவாசி:
சீனியர் அக்கா தீசிஸ். அவங்க ஆஸ்பெர்ஜில்லஸ் பண்ணாங்க.

ஏற்காட்டுப்பனி:
அதானே பார்த்தேன்! பூஞ்சையோட பெக்டினேஸுக்குப் புளிப்பு ஒத்துக்கும். உங்களோடதுக்கு முக்கிய ஆயுதம் பெக்டேட் லையேஸ்ங்கிற என்சைம். அதுக்கு பிஎச் 8, 8.5 வேணும், கால்சியம் இல்லேன்னா அசையாது. நீங்க போட்ட சிட்ரேட், இருக்கிற கால்சியத்தையும் கவ்விக்கும். ஆப்பிள் பெக்டினில் மெத்தில் தொகுதி ஜாஸ்தி, அதுவும் இதுக்குப் பிடிக்காது. பாலிகாலக்டுரானிக் அமிலம் (மெத்தில் இல்லாத பெக்டின், இதோட உப்புதான் பெக்டேட்) வாங்குங்க. ட்ரிஸ் பஃபர் பிஎச் 8.5, கால்சியம் குளோரைடு அரை மில்லிமோலார். அள்ளிக் கொட்டினா கரைசல் கூழாகிடும், நான் பட்டிருக்கேன். டிஎன்எஸ்ஸை விட்டுடுங்க. லையேஸ் வெட்டின இடத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாகும், அது 235 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். ரீடிங் ஏறுறதை நேராவே பார்க்கலாம். ரீடிங் எடுக்கிற குட்டி டப்பா (குவெட்) குவார்ட்ஸில்தான் வேணும்.

அஸ்தம்பட்டி:
வளர்க்கிறது எப்படி? எத்தனை டிகிரி, மீடியத்தில் குளுக்கோஸ் உண்டா, எப்ப எடுக்கிறீங்க?

குகைவாசி:
37. குளுக்கோஸ் 1 சதவீதம். கலங்க ஆரம்பிச்சதும் எடுத்துடுவேன்.

அஸ்தம்பட்டி:
மூணுமே உதைக்குது. 37ல வளர்ந்தாலும் என்சைம் படுத்துடும், 28ல வைங்க. (நம்ம ஊர் மே மாசத்து ரூம் டெம்பரேச்சரை நம்பாதீங்க.) குளுக்கோஸ் கிடைச்சா அது எதுக்குப் பெக்டினைத் தேடும்? எடுத்துட்டுப் பெக்டேட் போடுங்க. சீக்கிரம் எடுக்கிறதும் தப்பு. ஏஎச்எல்னு ஒரு சிக்னல் விட்டு ஆளுங்களை எண்ணிக்கிட்டே இருக்கும், கூட்டம் சேர்ந்த பிறகுதான் என்சைமை மொத்தமா இறக்கும். ஓ.டி. (கலங்கலோட ரீடிங்) ஏறி நிக்கப்போற நேரத்தில் எடுங்க.

குகைவாசி:
வந்துருச்சு! 3 நிமிஷத்தில் கோடு சரசரன்னு ஏறுது. கால்சியத்தைக் கவ்விக்கிற இடிடிஏ ஒரு துளி விட்டேன், அப்படியே நின்னுடுச்சு. மேடம்கிட்ட காட்டிட்டேன். இன்னைக்குத்தான் அந்தக் கேரட்டைக் குப்பையில் போட்டேன், ஹாஸ்டல் பசங்க கும்பிடுறாங்க.