டிரெய்லர் மூவர் சரிவில் திருப்பினால் நின்றுவிடுகிறது, பேட்டரி புதுசுதான். உதவி தேவை

ஓரம்போ:

வணக்கம். ஒற்றை அச்சு டிரெய்லர், சாமான்களோடு 1,500 கிலோ வரும். கார் இல்லாமல் டிரெய்லரை நகர்த்த, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 12 வோல்ட் மூவர் (mover) மோட்டார் போட்டிருக்கிறேன், ரோலர் டயரில் அழுந்தி உருட்டுகிற வகை. நிறுத்துகிற இடம் சுவருக்கும் தூணுக்கும் நடுவில். இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது சென்டிமீட்டர்தான் மிச்சம், அதனால் காரைக் கழற்றிவிட்டு ரிமோட்டில்தான் உள்ளே விட முடியும்.

சமதளத்தில் சமர்த்தாக ஓடுகிறது. நுழைவில் ஒரு சரிவு. அதில் பின்புறமாக ஏற்றிக்கொண்டே வால் பக்கத்தை வலப்புறம் திருப்ப வேண்டும். அங்கேதான் வம்பு. ஐந்தாறு விநாடி முனகிவிட்டு மொத்தமாக நின்றுவிடுகிறது, சிவப்பு விளக்கு மின்னுகிறது. ஒரு நிமிடம் விட்டால் ஓடும், மறுபடி நிற்கும். மழை பெய்த அன்று வேறு மாதிரி: நிற்கவில்லை, இடது ரோலர் டயரின் மேல் வழுக்கிக்கொண்டே சுற்றியது. காய்ந்த பிறகு பார்த்தால் தரையில் கறுப்புத் தூள்.

பேட்டரி 110 ஆம்பியர்-ஹவர், வாங்கி மூன்று மாதம். மீட்டரில் 12.7 வோல்ட் காட்டுகிறது. இடது மோட்டார் போய்விட்டதா? நேற்று பாதி ஏறிய நிலையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

ரிவர்ஸ்மன்னன்:

பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். லித்தியத்துக்கு மாறுங்கள், பறக்கும்.

அச்சாணி:

பறக்காது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் ஒரு அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால் தானே துண்டித்துவிடும். மூவர் சரிவில் 100 ஆம்பியரைத் தாண்டுவதும் உண்டு. அந்த அளவைப் பார்க்காமல் வாங்கினால் இதே தலைவலி வேறு பெட்டியில் வரும்.

ஓரம்போ, முதலில் மூன்று கேள்வி. 12.7 என்பது சும்மா இருக்கும்போது பார்த்ததா, மோட்டார் இழுக்கும்போதா? சரிவு எவ்வளவு? டயரில் காற்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அப்புறம், ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கியும் இடது சக்கரம் உரசுகிறதா என்று ஜாக்கியில் தூக்கி, ரோலரை விலக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். இதைச் சமதளத்தில் மட்டும் செய்யுங்கள், தயவுசெய்து.

ஓரம்போ:

12.7 சும்மா இருக்கும்போது பார்த்ததுதான். ஒரு மீட்டர் நீளப் பலகையும் ரசமட்டமும் வைத்து அளந்தேன், 12 சென்டிமீட்டர் உயர்கிறது. சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி லேசாகச் சுற்றுகின்றன. காற்று… சொல்ல வெட்கமாக இருக்கிறது. 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் இடது பக்கம் 34, வலது 41.

அச்சாணி:

34-ஆ! சரி, வழுக்கலுக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. தொளதொளத்த டயரில் ரோலர் புதைகிறதே தவிர கவ்வாது.

சரிவின் கணக்கையும் பாருங்கள். சமதளத்தில் 1,500 கிலோவை உருட்ட இருபது முப்பது கிலோ தள்ளு போதும். 12 சதவீத ஏற்றத்தில் அதற்கு மேல் இன்னொரு 180 கிலோ. நீங்கள் ஏறிக்கொண்டே திருப்புகிறீர்கள். வால் வலப்புறம் போக வலது மோட்டார் நின்று, இடது மட்டும் தள்ளும். ஆக இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆள் செய்கிறான். அவன் முனகாமல் என்ன செய்வான்? மோட்டார் போனதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஐந்து விநாடியில் மொத்தமாக அணைவதற்கு வேறு காரணம் இருக்கும்.

முறுக்குக்கம்பி:

இருக்கிறது, அது வழியில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து கண்ட்ரோல் பாக்ஸ் வரை போகும் பாதையைச் சொல்கிறேன். பாக்ஸுக்கு வந்து சேரும் வோல்டேஜ் 10 பக்கம் இறங்கினாலே பல மூவர்கள் தங்களைத் தாங்களே அணைத்துக்கொள்ளும். பேட்டரி முனையில் எவ்வளவு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரிமோட், ஒருவர் மீட்டர். மீட்டர் கம்பியில் நீளமான வயரைச் சேர்த்து, சக்கரத்துக்குக் கீழ்ப்புறம் நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நின்று அளக்க வேண்டும். சரிவின் அடியில் நேராக மூன்று நான்கு விநாடி ஏற்றினால் போதும். முதலில் பேட்டரி முனைகளில். அடுத்து பாக்ஸில் கம்பி நுழைகிற இடத்தில். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பாக்ஸ் பிளஸ்ஸிலும் வைத்து ஏற்றிப் பாருங்கள். மைனஸுக்கும் அதே போல. எந்தப் பக்கம் பெரிய எண் வருகிறதோ அந்தப் பக்கம்தான் திருடன்.

அளந்து முடித்ததும், ஐசொலேட்டர் சுவிட்ச் (பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் சுவிட்ச்), ஃபியூஸ், ஒவ்வொரு லக்கையும் (கம்பி நுனியில் நசுக்கிப் பொருத்தியிருக்கும் உலோக வளையம்) கையால் தொடுங்கள். எது சுடுகிறது என்று எழுதுங்கள்.

ஓரம்போ:

அளந்துவிட்டேன்! பேட்டரி முனையில் 11.9, பாக்ஸில் 10.3. பிளஸ் வழியில் 0.2. மைனஸ் வழியில் 1.4.

மைனஸ் லக் ஒன்று தொட்டதும் கையை எடுக்க வைத்தது.

முறுக்குக்கம்பி:

அவ்வளவுதான். 60 ஆம்பியர் ஓடியதாக வைத்தால் 1.4 வோல்ட்டோடு பெருக்க 84 வாட். ஒரு சால்டரிங் அயர்னை அந்த லக்கில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு அந்த நட்டைத் திறங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பெயிண்டுக்கு மேல் முறுக்கியிருப்பார்கள், அல்லது லக்குக்கும் கம்பிக்கும் நடுவே நசுக்கல் சரியில்லாமல் செம்பு அரித்துப் பச்சை பூத்திருக்கும். முதலாவது என்றால் உப்புத்தாள் போதும். இரண்டாவது என்றால் பச்சை ஏறிய நீளத்தை வெட்டி எறிந்து புது லக் அடிக்க வேண்டும். இடுக்கியால் நசுக்கி ஒப்பேற்ற வேண்டாம், அதற்கென்று இருக்கிற கருவியால் அடிக்கச் சொல்லுங்கள்.

ஓரம்போ:

பச்சைதான். உறையைச் சீவினால் இரண்டு அங்குலம் உள்ளே வரை மாவு மாதிரி உதிர்கிறது. பொருத்தியவரிடம் அப்போதே "இது ஆடுகிறதே" என்று கேட்டேன், "அதெல்லாம் ஓடும்" என்றார். ஓடத்தான் செய்தது, ஆறு விநாடி. நாளை புது லக்.

அச்சாணி:

நாளைக்கே இதையும் முடித்துவிடுங்கள். காற்றை 50-க்கு ஏற்றி, டிரெய்லர் தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது, ரோலரை விலக்கி, டயருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி பாருங்கள். பல தயாரிப்புகளில் 20 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும், உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. காற்று குறைந்த நிலையில் இதை அளந்து மாற்றினால் எல்லாம் தப்பாகும். டயரில் ஒட்டியிருக்கும் கறுப்பையும் ரோலர் பல்லில் அடைத்திருக்கும் மண்ணையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

இன்னொன்று. சரிவில் ரோலரை விலக்கும் முன் ஹேண்ட்பிரேக், கட்டை இரண்டும் போட்டிருக்க வேண்டும். ரோலர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே சிலருக்கு விலக்கிய பிறகுதான் தெரியவரும்.

ரிவர்ஸ்மன்னன்:

பேட்டரி விஷயத்தில் என் கணிப்பு தப்பு, ஒப்புக்கொள்கிறேன். திருப்புவதில் கொஞ்சம் அனுபவம் உண்டு, அளவுகளைச் சொல்லுங்கள். அச்சிலிருந்து கொக்கி நுனி, அச்சிலிருந்து டிரெய்லரின் பின்பக்கம், அகலம்.

ஓரம்போ:

4.2 மீட்டர், 2.8 மீட்டர், 2.3 மீட்டர்.

ரிவர்ஸ்மன்னன்:

உங்கள் இடைவெளி பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர். சந்துக்குள் வண்டி நடுவாக நிற்கும்போது அச்சை மையமாக வைத்துத் திருப்பினால் மூன்று டிகிரியிலேயே பின்மூலை சுவரைத் தொட்டுவிடும். கொக்கியில் நின்று பார்ப்பவருக்கு அது வெறும் 23 சென்டிமீட்டர் விலகல், ஒரு சாண் சொச்சம். முன்னால் நின்று பார்த்தால் "இன்னும் இடம் இருக்கே" என்றுதான் தோன்றும். பின்னால் அதற்குள் உரசியிருக்கும்.

அதனால் உள்ளே போய்த் திருப்பலாம் என்ற எண்ணமே வேண்டாம். சரிவின் அடியில், சமதளத்தில், வண்டியைச் சந்துக்கு நேர்கோட்டில் கொண்டுவாருங்கள். தரையில் சாக்கட்டியால் ஒரு நடுக்கோடு போடுங்கள், கொக்கியில் ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நட்டு கோட்டின் மேலேயே போனால் வண்டி நேர். அப்புறம் இரண்டு மோட்டாரும் சேர்ந்து நேராக ஏற்றட்டும். கொக்கிப் பக்கம் தாங்கும் சின்ன முன் சக்கரம் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று கிளம்பும் முன் பாருங்கள். குறுக்கே நின்றால் முதல் அரை மீட்டரில் மூக்கை இழுத்துவிடும்.

ஓரம்போ:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். புது லக் அடித்தாயிற்று. இப்போது ஏற்றத்தில் பேட்டரியில் 12.0, பாக்ஸில் 11.7. லக் குளிர்ச்சியாக இருக்கிறது. இடைவெளி இடது பக்கம் 26 இருந்தது, கையேட்டின்படி 20-க்குக் கொண்டுவந்தேன்.

சாக்கட்டிக் கோடு, நூல், நட்டு எல்லாம் போட்டு முந்தாநாள் சாயங்காலம் ஏற்றினோம். ஒரே தடவையில், நடுவில் நிற்காமல். வலது பக்கம் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே என் உள்ளங்கை நுழைகிறது, இடது பக்கம் உள்ளங்கையும் ஒரு விரலும். நேற்று தூறலிலும் இறக்கி ஏற்றிப் பார்த்தேன், வழுக்கவில்லை.

முன் சக்கரம் மட்டும் கிறீச்சென்று கத்துகிறது. அது வேறு இழை.

ரிவர்ஸ்மன்னன்:

கிரீஸ் வையுங்கள். இதிலாவது என் பேச்சைக் கேளுங்கள்.