பார்ட்டிஷனுக்கு ‘பகிர்வு’ வேண்டாம், ‘பாத்தி’ என்போம்

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் நிரலின் (நிறுவியின்) திரைகளைத் தமிழாக்கும்போது, வட்டைப் பிரித்து வைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது பார்ட்டிஷனுக்கு, ‘பாத்தி’ என்று வைக்கலாம் என்கிறேன். அதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ‘பகிர்வு’ ஏற்கெனவே புழங்குகிறதே. இப்போது ஏன் மாற்ற வேண்டும்?

போன வாரம் அக்காவின் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவினோம். திரையில் வருவதை அவரையே படிக்கச் சொன்னேன். ‘இந்தப் பகிர்வு அழிக்கப்படும். தொடரலாமா?’ என்று வந்தது. “நான் யாரோடும் எதையும் பகிரவில்லையே, அழியட்டும்” என்று ‘ஆம்’ பொத்தானுக்குப் போய்விட்டார். கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் படங்களெல்லாம் அங்கேதான் இருந்தன. பகிர்வு என்றால் இன்று எல்லோருக்கும் ஷேர்தான்.

> அப்படியானால் ‘பகுதி’ போதுமே.

‘வட்டின் ஒரு பகுதி அழிக்கப்படும்’ என்று படித்தால் ஏதோ கொஞ்சம் போகும் என்றுதான் தோன்றும்.

நான் சொல்வது ‘பாத்தி’. பகு என்னும் வேரிலிருந்து வந்த சொல். குறளில் வரும் ‘பாத்தூண்’ (பகுத்து உண்ணும் உணவு) இதற்கு உறவு. தோட்டத்தில் நிலம் ஒன்றுதான், பாத்திகளை வரப்புதான் பிரிக்கிறது. வட்டுக்குள்ளும் சுவர் ஏதுமில்லை. எந்த செக்டரில் (வட்டில் தரவு எழுதும் சிறு கட்டத்தில்) தொடக்கம், எதில் முடிவு என்று அட்டவணையில் இருக்கும் எண்கள்தாம் வரப்பு. எம்பிஆர் என்னும் பழைய வகை அட்டவணையில் 4 முதன்மைப் பாத்திகள் வரை, ஜிபிடி என்னும் புதிய வகையில் வழக்கமாக 128 வரை. சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

> நிறுவியே தானாகப் பிரித்துக்கொண்டால் பயனர் கண்ணில் இந்தச் சொல்லே படாதே?

காலி வட்டு என்றால் சரி. வேறொரு இயங்குதளம் இருக்கும் வட்டில் மறைப்பது ஆபத்து. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் நிறுவி மாற்றங்களை நினைவகத்தில் வைத்திருந்து, கடைசியில் கேட்டுவிட்டே வட்டில் எழுதுகிறது. அந்தக் கேள்விக்கு முன்னிருப்பு விடை (நாம் மாற்றாவிட்டால் இருக்கும் விடை) ‘இல்லை’. ஆனால் இருக்கிற பாத்தியின் அளவை மாற்றப் போனால், அதுவரை செய்த மாற்றங்களை அப்போதே எழுதியாக வேண்டும், பிறகு திரும்ப முடியாது என்று எச்சரிக்கிறது. உபுண்டு என்னும் இன்னொரு லினக்ஸ் வகையின் பழைய நிறுவியான யுபிக்விட்டியோ வட்டைப் பிரித்ததும் கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கிவிட்டு, அந்த நேரத்தில் ஊர், பெயர், கடவுச்சொல்லைக் கேட்டது. காத்திருப்பு குறைந்தது; மனம் மாறினால் பின்வாங்கும் வாய்ப்பும் அங்கேயே போனது. எப்படி வடிவமைத்தாலும், எழுதத் தொடங்கும் முன் வரும் அந்த ஒரு திரையில் சொல் தடுமாறக் கூடாது. ‘2ஆம் பாத்தியில் உள்ள கோப்புகள் எல்லாம் அழியும்’ என்று எழுதினால் அக்கா நின்றிருப்பார்.

அப்புறம், ரீசைஸ், அதாவது பாத்தியின் அளவை மாற்றுவது. ‘வரப்பை நகர்த்து’ என்று எழுத ஆசைதான். ஆனால் சுருக்கும்போது, வரப்பு நகரும் முன் உள்ளே இருக்கும் கோப்பு முறைமையும் (கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பும்) ஒடுங்கியாக வேண்டும், அது இதில் வரவில்லை. ‘பாத்தியைச் சுருக்கு’, ‘பாத்தியை விரி’ என்று இரண்டாகவே வைக்கலாமா?